அத்தானுக்குப் பின்னால் இருந்தவன்

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய அத்தான்,

எல்லாவற்றையும் நான் முதலே சொன்னேன். என் அக்காவைக் கட்டுவீர்கள் என்றேன், கட்டினீர்கள். ஒருநாள் ஆகாயத்திலிருந்து விழுவீர்கள் என்றேன், விழுந்தீர்கள். பனி உருகிச் சேறாகிற காலத்தில்தான் கண்ணை மூடுவீர்கள், வருகிற சனத்துக்குக் கார் விட இடம் இருக்காது, எல்லாரும் என்னைத்தான் ஏசுவார்கள் என்று போன மார்கழியிலேயே சொன்னேன். அதுவும் அப்படியே நடந்தது. நான் சொன்னதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதையும் முதலே சொன்னேன்.

முப்பத்தோராம் நாளுக்கு உங்களுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். உங்கள் மகள் சுகந்தி, "மாமா, அப்பாவைப் பற்றி நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கோ" என்றாள். ஒரு பக்கமா? எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், உண்மைதான். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் திருகோணமலையில் எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நீதவான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆகவே ஒரு பக்கத்தை மற்றவர்கள் எழுதட்டும்.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தீர்களா? எனக்கு வயிறு எரிந்தது. இங்கே கனடாவில், லாசாலில் இருக்கிற எங்கள் சனம் வரும், சரி. டோர்வல் விமான நிலையத்தில் உங்களோடு விமானங்களுக்குள் கூட்டித் துடைத்த போர்த்துக்கேயரும் ஹெயிட்டிக்காரரும் ஏன் வரவேண்டும்? ஒரு கிழவர் உங்கள் காலடியில் நின்று பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழுதார். நான் இந்த ஊரில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையையே தலையில் தாங்கியவன். கோப்பை கழுவினேன் என்று சொல்லுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது. நான் செத்தால் எத்தனை பேர் வருவார்கள்? நேரே சொல்லுங்கள், அத்தான். இனி உங்களுக்கு என்ன பயம்?

பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்திருந்தார்கள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்க, இறக்கையில் கை ஊன்றி நிற்பீர்களே, அது. அந்த வயதில் நான் உங்களைவிட வடிவு. என்னைப் படம் பிடிக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

கீழ்மாடியில் வாடகைக்கு இருக்கிற சென்னைப் பொடியன், கணினி வேலைக்கு வந்தவன், படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அங்கிள், சார் மிலிட்டரி பைலட்டா? லிஃப்ட்ல டெய்லி பாப்பேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"அவர் சொல்லமாட்டார், தம்பி. நான் சொல்லுறன், இப்பிடி வந்து இரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன்.

சொன்னேன். சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் நாட்டுக்கு என்று ஒரு விமானப்படை தொடங்கினதையும், முதன்முதலில் சேர்ந்த இளந்தாரிகளில் நீங்கள் ஒருவர் என்பதையும் சொன்னேன். சீனக்குடாத் தளத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நான் வேலை செய்ததையும், நான் தேத்தண்ணி கொடுக்காமல் அங்கே ஒரு விமானமும் எழும்பாது என்பதையும் சொன்னேன். முன்னுக்கு ஒரு இருக்கை, பின்னுக்கு ஒரு இருக்கை, மூக்கில் ஒரு காற்றாடி, அவ்வளவுதான் விமானம். கீழே அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் காற்றின் திசையைப் பிடிப்பீர்கள். முழங்காலில் விரித்த வரைபடம் காற்றில் போனால் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். எஞ்சின் எப்போது இருமும் என்று எஞ்சினுக்கே தெரியாது.

"செம ரிஸ்க் அங்கிள்" என்றான் பொடியன்.

"ரிஸ்க்கா? பின் இருக்கையில நான் இருந்தன், தம்பி!"

பிறகு நம்முடைய கதை. ஐம்பது வருஷமாக நான் சொல்லி வருகிற கதை. கோணேசர் மலைக்கு மேலே பறந்தோம். கோயில் ஐயர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டுக் கைகாட்டினார். தம்பலகாமத்து வயலுக்கு மேலே எஞ்சின் நின்றது. நான் உங்கள் தோளில் தட்டி, "அத்தான், வலப்பக்கம் எருமை நிக்குது, இடப்பக்கம் திருப்புங்கோ!" என்று கத்தினேன். திருப்பினீர்கள். சேற்று வயலில் இறங்கினோம். உங்கள் கால் முறிந்தது. உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் நடந்தேன்.

சுகந்தி அழுத கண்ணோடு திரும்பிப் பார்த்தாள். "மாமா, அப்ப அப்பா உங்களுக்கு அத்தான் ஆகவே இல்லையே?"

"ஆகுவார் எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

செத்தவீட்டில் சனம் சிரித்தது. உங்களுக்குப் பக்கத்தில் இருந்தபடியே அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் கூட்டம் முழுக்க என்னுடையது, அத்தான். பொறாமைப்பட்டீர்களா?

படமாட்டீர்கள். அதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காத குணம். இந்தக் கதையை நான் கலியாணவீட்டிலும் பிறந்தநாளிலும் பேருந்துத் தரிப்பிலும் சொன்னபோதெல்லாம் நீங்கள் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். யாராவது, "உண்மையோ அண்ணை?" என்று உங்களைக் கேட்டால் ஒரே பதில்தான். "பின்னுக்கு ஒரு அசைவும் இல்லை. அசைஞ்சிருந்தால் நான் இண்டைக்கு இல்லை." அதோடு முடிந்தது. எருமை பற்றி ஒரு சொல், ஐயர் பற்றி ஒரு சொல் நீங்கள் சேர்த்திருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்?

உங்கள் மேல் எனக்கு எப்போது எரிச்சல் தொடங்கியது தெரியுமா? பாரை மீன் தலையில். எங்கள் வீட்டில் மீன் தலை எனக்கு. அக்கா சட்டியில் ஒதுக்கி, மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைப்பாள். நீங்கள் வந்து சம்பந்தம் பேசிய அன்று அந்தத் தலை உங்கள் இலைக்குப் போனது. எனக்கு வால். அன்றிலிருந்து வால்தான்.

உங்கள் நொண்டல்கூட எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் நீங்கள் காலை இழுத்துக்கொண்டு வந்தால் சனம் வழிவிடும். விமானத்தால் விழுந்த கால் அது. என் முழங்காலும்தான் நோகிறது. "மாமா, எண்ணெய் தடவுங்கோ" என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கனடாவுக்கு வந்த அன்று, நீங்கள் யார் என்று பணிப்பெண்ணிடம் சுகந்தி சொல்லிவிட, விமானி உங்களைத் தன் அறைக்கே கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அது நடக்கும்; இப்போது அந்தக் கதவை உள்ளுக்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து என்ன சொன்னீர்கள்? "நல்ல ஆக்கள்." கடலைத் தாண்டி வருகிற விமானத்தின் மூக்கில் இருந்துவிட்டு வந்த மனுசன் சொல்லுகிற கதையா அது? என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சரி. இப்போது நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் சாம்பலை ஆற்றில் கரைக்கவேண்டும். மகன் இல்லை, சுகந்திதான் கொள்ளியும் வைத்தாள். "படகில போய்க் கரைக்கிறது சரி வராது, மாமா. அப்பாவை மேலே கொண்டுபோய்த்தான் விடவேணும்" என்று ஒரே பிடியாய் நின்றாள். அவள் டோர்வலில் பயணிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் வேலை செய்கிறாள் அல்லவா, கூட வேலை செய்கிற பத்ரீஸ் என்கிற பெரிய உருப்படி ஒருவன் ஓய்வுநாளில் சின்ன விமானம் ஓட்டுகிறவனாம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன விமானத்திடலிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அதை அனுமதிக்கிறார்களா என்று கேட்டேன். எல்லாம் விசாரித்துவிட்டானாம்.

வீட்டில் எல்லாரும் இருக்கும்போது பத்ரீஸ் வந்து விளக்கினான். சுகந்தி தமிழில் சொன்னாள். "அவரும் நானும் முன்னுக்கு. ரெண்டு பேரும் பாரம் எண்டபடியால் பின்னுக்கும் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் விமானம் சமப்படுமாம். ஒரு ஆள் வரலாம். மாமா, நீங்கள்தான் வரவேணும். அப்பாவோட பறந்தது நீங்கள் ஒரு ஆள்தானே? தாய்மாமனும் நீங்கள்தான்."

அறை முழுக்க என்னைப் பார்த்தது. ஐம்பது வருஷமாக நான் கேட்டது அதுதான், அத்தான்: அறை முழுக்க என்னைப் பார்க்கவேண்டும். ஆனால் அந்த நேரம் நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பயணிகள் விமானத்தில் வரும்போதே கண்ணை மூடி, கோணேசரைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கிறவன் நான். நான் போகாவிட்டால் என்ன நடக்கும்? பிள்ளை தகப்பனைத் தனியே கொண்டுபோய் விடுவாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எந்த வீட்டில் வாய் திறந்து சொல்வது? அந்தக் கதை போனால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கோப்பை கழுவினவன், முழங்கால் நோக்காடுக்காரன்.

"எனக்கு இப்ப ரத்த அழுத்தம்" என்று தொடங்கினேன்.

பத்ரீஸ் தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ சொன்னான். சுகந்தியின் முகம் வாடியது. "பரவாயில்லையாம், மாமா. ஆள் இல்லாட்டி பின்னுக்கு மணல் மூட்டை கட்டுவினமாம்."

"மணல் மூட்டையோ?" என்று எழும்பினேன். "ஒரு மூட்டையும் வேண்டாம். நான் வாறன்!"

அதைக் கேட்டதும் எனக்கு ஏன் அப்படி ரோசம் வந்தது என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

எல்லாரும் போன பிறகு அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். நீங்கள் போனதிலிருந்து அவள் மெதுவாகத்தான் கதைக்கிறாள். "தம்பி, உனக்கு ஏலாட்டி சொல்லு. காய்ச்சல் எண்டு நான் சொல்லுறன். ஒருத்தரும் ஒண்டும் நினையாயினம்."

"எனக்கென்ன ஏலாது? நான் ஏற்கெனவே பறந்தவன்."

அவள் என் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். "அவர் எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறார், தம்பி" என்றாள். அவ்வளவுதான். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

எல்லாம் என்றால் எது எல்லாம்? எப்போது சொன்னீர்கள்? கலியாணம் முடித்த கையோடா? அப்படியானால் இத்தனை வருஷமும் அவளுக்கு முன்னால் நான் கோணேசர் கோயில் ஐயரைக் கைகாட்ட வைத்தபோதெல்லாம் அவள் என்ன நினைத்திருப்பாள்?

அந்தக் காலை நல்ல வெயில். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து துண்டு துண்டாய்ப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் குளிர்கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். தோள் எனக்குப் பெரிது, வயிறு பூட்டவில்லை. திடலில் நின்ற விமானத்தைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அதன் கதவு நம்முடைய அலுமாரிக் கதவை விடச் சின்னது, அத்தான்.

பத்ரீஸ் என் நிறையைக் கேட்டான். சொன்னேன். அவன் என் வயிற்றைப் பார்த்தான். திரும்பவும் கேட்டான். நான் திரும்பவும் அதையே சொன்னேன்.

சுகந்தி என் கையைப் பிடித்தாள். "மாமா, வயசைக் குறைச்சுச் சொல்லுங்கோ, சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுங்கோ. நிறையில மட்டும் பொய் சொல்லாதேங்கோ. கணக்குப் பிழைச்சால் மூண்டு பேரும் விழுந்திடுவம்."

உண்மையான நிறையைச் சொன்னேன். பத்ரீஸ் விசில் அடித்தான். அதை எழுதிக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றி, வாரைப் போட்டு இறுக்கினான். பிறகு ஆங்கிலத்தில், எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். அங்கிள், உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அசையாமல் இருப்பது.

எழும்பினோம். நான் பார்த்த முதலாவது காட்சி சுகந்தியின் தலைப்பின்னல். இரண்டாவதும் அதுதான். விமானம் குலுங்கும்போதெல்லாம் வயிறு மேலேயும் நான் கீழேயும் போனோம். இப்படியொரு தகர டப்பாவில், இதைவிட மோசமான ஒன்றில், அந்த வயதில் நீங்கள் தினமும் ஏறினீர்களா? ஏறுவதற்கு முன் என்னிடம் தேத்தண்ணி வாங்கி, சீனி காணாது என்று பகிடி விட்டுப் போனீர்களே, அப்போது உங்கள் வயிற்றில் என்ன இருந்தது? ஒருநாளும் நான் கேட்கவில்லை. நான்தானே கதைத்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்கு மேலே வந்ததும் பத்ரீஸ் வேகத்தைக் குறைத்தான். சுகந்தி பக்கத்துக் கண்ணாடியைத் திறந்தாள். உள்ளே வந்த காற்று என் கண்ணைக் கிழித்தது. சும்மா கொட்டினால் சாம்பல் திரும்பி உள்ளேயே வரும் என்று அடியில் கயிறு கட்டிய ஒரு நீளத் துணிப்பை தைத்திருந்தாள். பையை வெளியே நீட்டி, கயிற்றை இழுத்தாள். நீங்கள் வெள்ளையாய், ஒரு நேர்கோடாய் நீண்டீர்கள். பிறகு கோடு கலைந்தது. கீழே பனிக்கட்டி எது, நீங்கள் எது என்று தெரியவில்லை.

சுகந்தி திரும்பினாள். முகம் முழுக்கக் கண்ணீர். காற்றுக்கு மேலால் கத்தினாள். "மாமா! அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்ததோ?"

ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக எருமையும் வரவில்லை, ஐயரும் வரவில்லை. தலையை ஆட்டினால் விமானம் சரிந்துவிடுமோ என்று அதையும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கியதும் திடலோரம் காத்து நின்ற அக்கா ஓடிவந்தாள். சுகந்தி தாயைக் கட்டிப்பிடித்து, "அம்மா, மாமா அசையவே இல்லை. அப்பா சொல்லுற மாதிரியேதான்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். உங்கள் கோட்டின் தோளைத் தட்டிவிட்டாள். "முப்பத்தொண்டு முடியட்டும். பாரை வாங்குவம். தலை உனக்குத்தான்" என்றாள்.

ஆகவே அத்தான், இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். சுகந்தி, இதை வெட்டாமல் அடி.

பின் இருக்கையில் நான் இருக்கவில்லை.

அதற்கு முதல் கிழமை, உங்களோடு படையில் சேர்ந்த, காலி ஊர்ப் பொடியன் விமல் அதிகாலைப் பனிப்புகாருக்குள் போய்க் கொட்டியாரக் குடாவில் விழுந்தான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. அவன் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன கோப்பையைக் கழுவினவன் நான். அதற்குப் பிறகு நீங்கள், "வாரும் தம்பி, மேலதிகாரி இல்லை, ஒரு சுற்றுச் சுத்திக் காட்டுறன்" என்று கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, வழக்கம்போல மணல் மூட்டையைப் பின்னால் கட்டச் சொன்னீர்கள். நீங்கள் விழுந்த செய்தி வந்ததும் வயலுக்கு முதலில் ஓடினவன் நான், அது பொய்யில்லை. உடம்பு முழுக்கச் சேற்றோடு உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்றபோது, என்னைத் தேடிக்கொண்டு அக்காவோடு வந்த அம்மா, "ஐயோ, நீயும் உள்ளே இருந்தனியோ?" என்று கேட்டாள். பின்னால் அக்கா நின்றாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், அவள் உங்களைப் பார்த்தாள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. "ஓம்" என்றேன்.

கால் முறிந்து கிடந்த மனுசன் நீங்கள் ஒரு சொல்லில் என்னை முடித்திருக்கலாம். "பின்னுக்கு ஒரு அசைவும் இல்லை" என்றீர்கள்.

சாகும்வரை அதையே சொன்னீர்கள். பொய்யும் சொல்லவில்லை, என்னையும் விடவில்லை. இதிலும் என்னை வென்றுவிட்டீர்களே என்றுதான் எனக்கு இப்போதும் எரிகிறது.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் காரில் ஏற்றி, டோர்வல் வேலியடியில் நிறுத்தி, இறங்குகிற விமானங்களைக் காட்டுவீர்களே, இனி அவளை நான் கூட்டிப் போவேன். அவளை முன்னால் இருத்துவேன். அவள் கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
மணல் மூட்டை காத்து வைத்த இடத்துக்கு ஐம்பது வருஷம் பிந்தி வந்து சேர்ந்த
உங்கள் மச்சான்
இராசதுரை